அமெரிக்காவில் அக்காவுக்கு அறுபத்திரண்டு

1

இந்தச் சித்திரையோடு என் அக்காவுக்கு அறுபத்தைந்து வயது. அமெரிக்காவில் அவளுக்கு அறுபத்திரண்டு.

அன்று காலை மொன்றியல் கோயிலில் அவளுடைய நட்சத்திரத்துக்கு ஓர் அர்ச்சனை செய்தேன். பிரசாதத் தட்டைக் காரின் முன்சீட்டில் வைத்துவிட்டு, கோயில் வாசலில் நின்றபடியே நியூ ஜேர்சிக்குத் தொலைபேசி எடுத்து வாழ்த்துச் சொன்னேன். இனி உனக்கு அரசாங்கக் காப்புறுதி வந்துவிடும், முதல் வேலையாக அந்த நெஞ்சுச் சோதனையைச் செய் என்றேன். அக்கா சிரித்தாள்.

"எனக்கு எங்கையடி அறுபத்தைஞ்சு? பேப்பரில இன்னும் மூண்டு வருசம் கிடக்கு."

எனக்கு அது மறந்தே போயிருந்தது. ஞாபகம் வந்த அந்த நிமிடம் பிடித்த கோபம் இதை எழுதும்வரை இறங்கவில்லை. ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று சில மாதங்கள் பொறுத்துப் பார்த்தேன். ஆறுவதாகக் காணோம், எழுதிவிடுகிறேன்.

ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அமெரிக்கா என்றால் எல்லாம் கிடைக்கும் இடம் என்று அங்கே ஒரு நினைப்பு உண்டு. எல்லாம் கிடைக்கும், நோய் வருத்தம் வந்தால் மட்டும் கதை வேறு. வேலை செய்யும் நிறுவனம் மருத்துவக் காப்புறுதி தர வேண்டும், இல்லாவிட்டால் நீங்களே சந்தையில் வாங்க வேண்டும். வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும். அறுபத்தைந்து வயதானதும் மெடிகேர் என்ற அரசாங்கக் காப்புறுதி கிடைக்கும். அதனால் அந்த நாட்டில் அறுபது தாண்டியவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அறுபத்தைந்துக்குக் காத்திருக்கிறார்கள். அந்த வயதைக் குறைக்க வேண்டும் என்று ஒரு பக்கம் கத்துகிறது. கூட்ட வேண்டும் என்று இன்னொரு பக்கம் கத்துகிறது. சந்தையில் வாங்குகிறவர்களுக்கு அரசாங்கம் கொடுத்துவந்த உதவியைத் தொடர்வதா நிறுத்துவதா என்று வருடக்கணக்கில் சண்டை. சண்டை போடுகிற அத்தனை பேருக்கும் நல்ல காப்புறுதி இருக்கிறது.

அக்காவின் காப்புறுதி அவள் கணவர், எங்கள் அத்தானுடைய வேலையோடு வந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் அத்தான் போனார், அதுவும் போனது. அவள் ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டறையில் அரைநேர வேலை செய்கிறாள். ஏழைகளுக்கான காப்புறுதிக்கு அவளுடைய வருமானம் கொஞ்சம் கூட, சந்தையில் வாங்குவதற்கு மிகவும் குறைவு. அரசாங்க உதவியோடு ஒன்றை வாங்கி வைத்திருந்தாள். இந்த வருடம் அந்த உதவி சுருங்கியதும் விட்டுவிட்டாள். மாசியில் மருந்துக்கடையோடு சேர்ந்த சிறிய கிளினிக் ஒன்றில் காட்டியபோது, நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்த வைத்தியர் இதய வால்வில் ஏதோ சத்தம் கேட்கிறது, உடனே ஸ்கான் எடுத்து நிபுணரிடம் காட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அக்கா அந்தத் துண்டை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். மூன்று வருடம் தாங்கினால் போதும் என்று கணக்கு.

தாங்க வேண்டிய தேவையே இல்லாதவள் அவள்.

2

இனி அந்த மூன்று வருடம் எங்கே போனது என்று சொல்கிறேன்.

ஐயா அம்மாவுக்கு நாங்கள் மூன்று பிள்ளைகள். மூத்தவள் அக்கா. அவளுக்கு ஒரு வயது இளையவர் அண்ணை. எட்டு வருடம் கழித்துக் கடைக்குட்டியாக நான். அண்ணைக்குப் பதினேழு வயதில் கப்பலுக்குப் போகும் ஆசை வந்தது. எங்கள் பக்கத்துப் பெடியன்கள் பலர் அப்போது கிரேக்கக் கப்பல்களில் ஏறிக்கொண்டிருந்தார்கள். வயது காணாது என்று ஏஜென்ட் சொல்லிவிட்டான். ஐயா கச்சேரியில், அதுதான் அரசாங்க அலுவலகத்தில், தெரிந்த ஓர் ஆளைப் பிடித்து, பிறப்புப் பதிவு கிடைக்கவில்லை என்று சொல்லி, உத்தேச வயதுச் சான்றிதழ் ஒன்று எடுத்தார். பதிவு தொலைந்தவர்களுக்காக அரசாங்கம் கொடுக்கும் பத்திரம் அது. உத்தேசம் யாருடையது என்பதுதான் கேள்வி. ஐயாவின் உத்தேசப்படி அண்ணைக்கு இரண்டு வயது கூடியது. அவர் கப்பலேறி, அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் இறங்கி, இறங்கியவர் திரும்பி ஏறவில்லை. பிறகு ஒரு பொதுமன்னிப்பில் பத்திரம் கிடைத்துக் குடியுரிமையும் எடுத்தார்.

அதற்குள் அக்காவுக்கு முப்பத்திரண்டாகிவிட்டது. கலியாணம் ஒன்றும் சரிவரவில்லை. நியூ ஜேர்சியில் தனக்கு ஒரு கூட்டாளி இருக்கிறான், நல்ல பெடியன், வயது முப்பத்தொன்று என்று அண்ணை கடிதம் எழுதினார். அதே கடிதத்தில், அக்காவை என் தங்கச்சி என்றுதான் அவனிடம் சொல்லியிருக்கிறேன், அதற்கேற்ற மாதிரிப் பேப்பரைச் சரிப்பண்ணுங்கோ என்றும் எழுதியிருந்தார். ஐயாவுக்கு வழி ஏற்கெனவே தெரியும். அதே கச்சேரி, அதே ஆள். நாளும் மாதமும் அப்படியே இருக்க, வயதில் மட்டும் மூன்று ஆண்டு குறைந்தது. சாதகத்தையும் புதிதாக எழுதினார்கள்.

அக்காவைக் கேட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவில்லை. சேலை எடுக்கும்போது மட்டும் நிறம் கேட்டார்கள்.

இதில் எனக்கு வயிறு எரிவது வயதுக்காக மட்டும் இல்லை. அமெரிக்காவில் இறங்கிய நாள் முதல், அத்தானுக்கு முன்னால் அக்கா தன் தம்பியை "அண்ணா" என்று கூப்பிட்டாள். கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போன தம்பி. முப்பது வருடத்துக்கு மேலாக அப்படிக் கூப்பிட்டாள். நாங்கள் மூவரும் தனியே இருந்தால் "தம்பி" என்பாள், அறைக்குள் அத்தான் வந்தால் வாய் தானாக மாறிவிடும். ஒரு தடவைகூட அவள் தடுமாறி நான் பார்த்ததில்லை. அத்தான் தன் மனைவி தன்னைவிட ஒரு வயது மூத்தவள் என்று தெரியாமலே போய்ச் சேர்ந்தார். நல்ல மனிதர். தெரிந்திருந்தால் சிரித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அந்தச் சிரிப்பை நம்பிப் பார்க்க ஒருவருக்கும் தைரியம் இருக்கவில்லை.

எனக்கு மட்டும்தான் வீட்டில் சரியான பிறந்த திகதி. யாருக்கும் அதை மாற்றவேண்டிய தேவை வரவில்லை.

3

அண்ணைக்குப் பேப்பரில் அறுபத்தாறு. உண்மையில் அறுபத்துநான்கு. ஆகவே போன வருடமே அவருக்கு மெடிகேர் வந்துவிட்டது, கண்ணில் வெண்படலம் எடுத்து லென்சும் வைத்துவிட்டார்கள். அவருடைய மூத்த சகோதரி அதே மாநிலத்தில் இஞ்சித் தண்ணி குடித்துக்கொண்டு இருமுகிறாள்.

இந்த மனிதர் என்ன செய்கிறார் தெரியுமா? எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை எழுந்ததும் ஒரு காணொளி போடுகிறார். அரசாங்கம் எல்லோருக்கும் காப்புறுதி கொடுக்கப் போனால் நாடு குட்டிச்சுவராகும் என்று கோட் போட்ட ஒருவர் அதில் கையை ஆட்டிப் பேசுவார். அக்காவின் மகள் சாம்பவி படித்த பிள்ளை, அவள் பதிலுக்கு ஒரு கட்டுரையைப் போடுவாள். மாமாவும் மருமகளும் ஆங்கிலத்தில் அடிபடுவார்கள். அக்கா கீழே இரண்டு கையெடுத்துக் கும்பிடும் படத்தைப் போடுவாள். இருவருக்கும் பொதுவாக.

ஒருநாள் பொறுக்க முடியாமல் நேரே கேட்டேன். நீங்கள் எடுத்த லென்ஸ் அரசாங்கம் கொடுத்ததுதானே என்றேன். அண்ணையிடம் பதில் தயாராக இருந்தது. அது தான் நாற்பது வருடமாகச் சம்பளத்திலிருந்து கட்டியது, தனக்குச் சேரவேண்டியது, உழைக்காதவனுக்குச் சும்மா கொடுப்பது வேறு என்றார். கட்டியது உண்மை. ஒரு நாளும் வேலைக்குப் போகாமல் நின்றவர் இல்லை, அதை நான் மறுக்க மாட்டேன். அக்காவும் அத்தானும் கட்டியதைப் பற்றி மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு அவர் கனடாவுக்கு வருவார். எப்போதும் கடைசியில் கனடாவுக்குத்தான் வருவார். "உங்கட ஊரில ஒரு முழங்காலுக்கு ஒரு வருசம் லைனில நிக்கவேணும். உதைத்தானே இலவசம் எண்டு சொல்லுறியள்?"

இதற்கு நான் பொய் சொல்ல முடியாது. என் கணவருடைய முழங்கால் பதினான்கு மாதம் காத்திருந்தது. எங்களுக்கு ஆறு வருடமாகக் குடும்ப வைத்தியர் இல்லை, பெயரை எழுதிவைத்துவிட்டுக் காத்திருக்கிறோம். நான் கோட்-டெ-நெய்ஜ் பக்கத்து வைத்தியசாலை ஒன்றில் பிரெப்போசே வேலை செய்கிறேன். நோயாளரைக் குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது, சாப்பாடு தீத்துவது எல்லாம் எங்கள் வேலை. நடைபாதையில் தள்ளுகட்டிலில் இரண்டு நாள் கிடந்த கிழவர்களை என் கையால் துடைத்திருக்கிறேன். போர்வை கேட்டால் போர்வை இல்லை. தாதியைக் கூப்பிட்டால் தாதி வேறு மாடியில் இருப்பாள். ஒரு முகவரி மாற்றத்துக்கு நான்கு படிவம் பிரெஞ்சில் நிரப்பி, ஐந்தாவது படிவம் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவள் நான். இந்த ஊரைத் தூக்கிப் பிடிக்க எனக்கு ஒரு அவசியமும் இல்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்வேன். எங்களிடம் சூரியன் படம் போட்ட ஒரு மருத்துவ அட்டை இருக்கிறது. கியூபெக்கில் எல்லோருக்கும் அதே அட்டை. அந்தக் கிழவர்களில் ஒருவராவது, இதற்கு எவ்வளவு வரும் என்று என்னைக் கேட்டதில்லை. திட்டுவார்கள். என் தமிழ் வாயில் வரும் பிரெஞ்சைக் கேட்டு முகத்தைச் சுளிப்பார்கள். பயப்பட மாட்டார்கள். அண்ணைக்கு இதை எத்தனை தடவை சொன்னாலும் அடுத்த நாள் இன்னொரு கோட்காரன் வந்துவிடுவான்.

4

ஆனியில் அம்மாவின் திவசம். அம்மா கடைசிக் காலத்தில் என்னோடு இருந்து இங்கேயே போனதால், வருடா வருடம் கார்ட்டியர்வில்லில் எங்கள் வீட்டில்தான் செய்வது. அண்ணை காரில் அக்காவையும் சாம்பவியையும் ஏற்றிக்கொண்டு வந்தார்.

எங்கள் வீடு இரண்டாம் மாடி. மொன்றியலில் பழைய வீடுகளுக்குப் படிகள் வெளியேதான் இருக்கும், இரும்புப் படி, வளைந்து வளைந்து ஏறும். அண்ணை பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார். அக்கா ஆறாம் படியில் நின்றாள். வாசலில் உள்ள பூச்சட்டியைப் பார்ப்பதுபோல் நின்றாள். பிறகு மூன்று படி, திரும்பவும் பூச்சட்டி. மேலே வந்து சேர்ந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. நான் அப்படிப்பட்ட உதட்டைத் தினமும் பார்க்கிறவள். கதிரையில் இருத்திக் காலைப் பார்த்தேன், கணுக்காலில் விரலை வைத்தால் குழி விழுந்து அப்படியே நின்றது.

அடுத்த நாள் திவசம் முடிந்தது. ஐயர் போனார், படைத்ததைச் சாப்பிட்டோம். சாம்பவியும் என் மகனும் முன்னறையில் தங்களுக்குள் ஆங்கிலத்தில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மூவரும் குசினி மேசையில். அக்கா பாயாசக் கிண்ணத்தைத் தொடவில்லை. நான் அண்ணையைப் பார்த்து, அக்காவுக்கு இனிப் பொறுக்க முடியாது, உடனே ஸ்கான் எடுக்க வேண்டும் என்றேன். அண்ணை முன்னறையை ஒருமுறை எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"உன்ர காட்டை அவவுக்குக் குடன். ரெண்டு பேருக்கும் முகம் ஒண்டுதானே. நீ வேலை செய்யிற இடம், ஆக்களையும் தெரியும். நாளைக்கே எடுத்திட்டு வந்திடலாம்."

எல்லோருக்கும் காப்புறுதி கொடுத்தால் நாடு குட்டிச்சுவராகும் என்று காலையில் குழுவில் போட்ட அதே மனிதர். சொல்லும்போது முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை, கெட்டிக்காரத்தனமான ஒரு யோசனை சொன்ன திருப்திதான் இருந்தது. இப்படித்தானே எங்களுடைய வாழ்க்கை முழுவதும் ஓடியது. ஒரு கதவு திறக்காவிட்டால் இன்னொருவருடைய பெயர், இன்னொருவருடைய படம், இன்னொரு வயது. அன்றைக்கு உயிர் தப்ப அது வேண்டியிருந்தது. அதற்காக நான் யாரையும் குறை சொல்லமாட்டேன்.

உண்மையைச் சொன்னால் நானும் ஒரு நிமிடம் யோசித்தேன். அட்டையிலுள்ள என் படம் பழையது. தலைமயிரைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டால் அக்காதான். கைப்பை கதிரையின் முதுகில் தொங்கியது, கை அதுவரை போனது. வேலை போகும் என்ற பயம் வந்தது. அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. உண்மையான வயதை வைத்துக்கொண்டு நேரே போய்க் கேட்டாலே கிடைக்கும் ஒன்றுக்கு, என் அக்கா இன்னொருத்தியாகப் போய்ப் படுக்க வேண்டுமா?

"அண்ணை, உங்களுக்கு ரெண்டு வயசு கூட்டினீங்கள். அவளுக்கு மூண்டு குறைச்சீங்கள். இப்ப என்ர முகத்தையும் எடுத்துக் குடுக்கப் போறீங்களோ?"

எழுந்து அறைக்குப் போய் அம்மாவின் பிளாஸ்டிக் கோப்பைக் கொண்டுவந்தேன். இடம்பெயர்ந்தபோதெல்லாம் அம்மா வயிற்றோடு சேலைக்குள் கட்டிக்கொண்டு நடந்த கோப்பு அது. அதற்குள் அக்காவின் அசல் பிறப்புச் சாட்சிப் பத்திரம் இருக்கிறது. கிடைக்கவில்லை என்று ஐயா சத்தியம் செய்த பத்திரம். பிறந்து ஒன்பதாம் நாள் பதிந்தது, பதிவாளர் கையெழுத்து, முத்திரை எல்லாம் தெளிவாக உண்டு. சித்திரை முழுவதும் நான் விசாரித்திருந்தேன். சிறுவயதிலேயே பதிந்த அசல் பத்திரம் இருந்தால், அமெரிக்காவில் மெடிகேரையும் பார்க்கும் ஓய்வூதிய அலுவலகம் பிந்திய பேப்பர்களைத் தள்ளிவைத்து அதைப் பார்க்கும் என்று விஷயம் தெரிந்த ஒருவர் சொன்னார். நிச்சயம் என்று சொல்லவில்லை, கேட்டுப் பார்க்கலாம் என்றார். பத்திரத்தை மேசையில் பாயாசத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அண்ணை அதைக் கையில் எடுக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே வாசித்தார்.

"இதைக் கொண்டுபோய்க் காட்டினால் பேந்து என்ர பைலையும் இழுப்பாங்கள். பொய் சொல்லி எடுத்த சிட்டிசன்சிப்பைப் பறிக்கிற காலமிது. நாற்பது வருசம் கழிச்சு என்னை எங்க அனுப்பப் போறீங்கள்?"

அவர் நடிக்கவில்லை. அது எனக்குத் தெரிந்தது, தெரிந்தும் எனக்கு இரக்கம் வரவில்லை. அந்தப் பயத்தோடு இருக்கிற மனிதர் காலையில் எழுந்து எந்தத் துணிவில் மற்றவர்களைச் சும்மா தின்கிறவர்கள் என்கிறார் என்றுதான் நினைத்தேன். நினைத்ததைச் சொல்லியும் விட்டேன். சொன்ன விதம் நல்ல விதம் இல்லை. அம்மாவின் திவசத்தன்று அம்மாவின் படத்துக்கு முன்னால் நாங்கள் இருவரும் அடிபட்டோம். சாம்பவி எட்டிப் பார்த்து, "என்ன, திரும்பவும் பொலிட்டிக்ஸா?" என்று கேட்டாள். அக்கா ஓம் என்றாள்.

அக்கா பத்திரத்தை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தாள். தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். முப்பது வருடத்துக்குப் பிறகு அதைப் பார்க்கிறாள்.

"அவனுக்குப் பேரப்பிள்ளையள் இருக்கு. எனக்கு மூண்டு வருசம்தானே. இருந்திடுவன்."

கொண்டுபோய்ச் சாம்பவியிடம் காட்டு என்று நான் கெஞ்சினேன். அவள் மறுக்கவில்லை. மடித்துக் கைப்பைக்குள் வைத்ததை என் கண்ணால் பார்த்தேன். மறுநாள் அவர்கள் போனபிறகு படுக்கை விரிப்பை உதறினேன். தலையணை உறைக்குள் அந்தப் பத்திரம் இருந்தது.

5

இரண்டு கிழமை அதை வேலைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். சாம்பவிக்குத் தபாலில் அனுப்பலாம். அனுப்பினால் அக்கா தன் மகளுக்குக்கூடச் சொல்லாத ஒன்றை நான் உடைத்தவள் ஆவேன். அண்ணைக்கு ஏதாவது நடந்தால் அதற்கும் நான்தான் காரணம். அனுப்பாவிட்டால் என்ன நடக்கும் என்பது எனக்கு அவள் கணுக்காலிலேயே தெரிந்துவிட்டது. பேருந்தில் போகும்போதும் வரும்போதும் இதுதான். மனதுக்குள் அண்ணையோடு சண்டை பிடித்துப் பிடித்து, சில நாட்களில் இறங்கவேண்டிய தரிப்பிடத்தையும் விட்டேன்.

ஒருநாள் எங்கள் வார்டுக்கு ஓர் அமெரிக்கப் பெண்மணி வந்தாள். வெர்மொன்டிலிருந்து மகளைப் பார்க்க வந்த இடத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நான் அவளுடைய உடுப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். சத்திரசிகிச்சை நிபுணர் வந்து விளக்கினார். நோகிறதா என்று கேட்டார். அவள் அதற்குப் பதில் சொல்லாமல், நவம்பரில் எனக்கு அறுபத்தைந்தாகும், இதை அதுவரை தள்ளிப்போட முடியுமா என்று கேட்டாள். அப்போது ஆடி மாதம். முறிந்த இடுப்போடு கிடந்துகொண்டு கேட்கிறாள். வைத்தியருக்கு அது விளங்கவில்லை. அவர் இங்கே பிறந்து வளர்ந்தவர். அறுபத்தைந்துக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம் என்று என்னைப் பார்த்தார். எனக்கு விளங்கியது. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுததும் கோபத்தில்தான்.

வேலை முடிந்து நேரே எங்கள் தெருமுனை டெப்பனருக்குப் போனேன். சிகரெட்டும் பாலும் லொத்தர் சீட்டும் விற்கும் அந்தச் சின்னக் கடையின் பின்பக்கத்தில்தான் தபால் கவுன்டர். சாம்பவிக்கு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். உன் அம்மா பிறந்த ஆண்டு இதுதான், உன் மாமாவுக்கு அவள் அக்கா, ஏன் இப்படி நடந்தது என்பதை அவள் வாயால் கேள், கத்தினாலும் அழுதாலும் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போ என்று எழுதினேன். பதிவுத்தபாலுக்குக் கவுன்டரில் இருந்த பெண் ஒரு படிவம் தந்தாள். உள்ளே என்ன, அதன் பெறுமதி என்ன என்று பிரெஞ்சில் கேட்டாள். பழைய கடதாசி ஒன்று என்றேன். பெறுமதி இல்லாவிட்டால் பூச்சியம் போடட்டுமா என்றாள். எனக்கு எங்கிருந்தோ வந்த ஆத்திரத்தில் அந்தப் பிள்ளையை ஏசிவிட்டேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும். மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததெல்லாம் தொலைபேசியில்தான். சாம்பவி முதலில் அழுதாள். நான் மடியில் போட்டுத் தாலாட்டிய பிள்ளை, "சித்தி, எல்லாரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கி வச்சிருந்தீங்களா?" என்று கேட்டாள். ஓம் என்றேன், வேறு என்ன சொல்ல. பிறகு அவள் வேலைக்கு விடுப்புப் போட்டாள். பத்திரத்தை மொழிபெயர்த்துச் சான்றுபடுத்தி, தாயை அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒரு தடவையில் முடியவில்லை. மூன்று தடவை போனார்கள். மூன்று அதிகாரிகள் மூன்று விதமாகச் சொன்னார்கள். அண்ணை குடும்பக் குழுவிலிருந்து வெளியேறினார். கோட் போட்ட மனிதர்கள் நின்றுபோனார்கள். குழுவில் ஒரு சத்தமும் இல்லை, எனக்கு அது நிம்மதியாகவும் இல்லை.

அக்கா என் தொலைபேசியை எடுக்கவில்லை. ஆவணி போனது, புரட்டாசி போனது. நல்லெண்ணத்தில் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதை நிறுத்திவிட்டேன். அவளுடைய வயதைப் பற்றி முடிவெடுத்தவர்கள் ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த வரிசையில் ஐயா, அண்ணைக்குப் பிறகு மூன்றாவது ஆள் நான்.

6

போன ஞாயிற்றுக்கிழமை அவளே எடுத்தாள். குரல் வந்ததும் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டேன்.

"அதை ஏன் பிள்ளைக்கு அனுப்பினனீ?"

"நீ செத்துப்போடுவாய் எண்டுதான்."

அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. இரண்டு வார்த்தைக்கு ஒருதரம் நின்று எடுக்கும் மூச்சு. பிறகு அவள், மெடிகேர் காட் வந்துவிட்டது என்றாள். சரியான ஆண்டைக் கணக்கில் எடுத்திருக்கிறார்களாம். மற்றப் பேப்பர்கள் எல்லாம் இன்னும் பழைய ஆண்டிலேயே கிடக்கின்றன, அவற்றை என்ன செய்வார்களோ தெரியாது. அண்ணைக்கு இதுவரை ஒரு கடிதமும் வரவில்லை. வராது என்று ஒருவராலும் சொல்லமுடியாது. அவர் ஒவ்வொரு நாளும் தபால்பெட்டியைத் திறக்கப் பயந்து, மனைவியை அனுப்புகிறாராம். எல்லாவற்றையும் அக்கா செய்தி வாசிப்பதுபோல் சொன்னாள். நீ செய்தது சரி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை.

ஸ்கான் எப்போது என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை காலை என்றாள். சாம்பவிக்கு அன்று விடுப்புக் கிடைக்கவில்லையாம். அப்படியென்றால் யார் கூட்டிக்கொண்டு போவது என்று கேட்டேன், எனக்குத் திரும்பவும் கோபம் ஏறத் தொடங்கியது.

"தம்பிதான் கொண்டுபோறான். நேற்று வந்து ஆஸ்பத்திரி வழியையும் ஒருக்கா ஓடிப் பாத்திட்டுப் போனவன். உன்னோட இனிக் கதைக்கமாட்டானாம். உன்னட்டைச் சொல்லச் சொன்னவன்."

"கதைக்காட்டில் போகட்டும்" என்றேன். "காரை மெல்ல ஓடச் சொல்லு."